வம்சாவளி இல்லாதவர்கள்

மூன்று தலைமுறைக் கதை என்பது நம் நாவல் உலகில் ஒரு மோஸ்தராகத் தொடங்கி, இப்போது ஒரு விதியாகவே ஆகிவிட்டது. தாத்தா கமலை இறைப்பார். அப்பா பம்புசெட்டு போடுவார். மகன் கணினி முன்னால் உட்கார்ந்து தாத்தாவை நினைத்து ஏங்குவான். நடுவில் ஒரு பாட்டி, தூர்ந்துபோன ஒரு கிணறு, பங்காளிச் சண்டையில் விலைபோன நாலு ஏக்கர். இந்த ஜோடனைக்கு நவீனமாதலின் சித்திரம் என்று பின்னட்டையில் நாமகரணம் செய்துவிட்டால் காரியம் முடிந்தது. சம்சாரி வீட்டுக் கதைக்கு இந்த அச்சு பொருந்திவரும்போது நான் குறுக்கே நிற்கப்போவதில்லை. நிலம் இருந்தவனுக்கு நிலம் போன கதை உண்டு, அதைச் சொல்ல அவனுக்குப் பாத்தியதையும் உண்டு. என் ஆட்சேபம் எல்லாம், இந்த அச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு நம்மவர்கள் இப்போது மலையேறத் தொடங்கியிருப்பது பற்றித்தான்.

நண்பர் ஒருவர், நாவலாசிரியர், உழைப்பாளி, போர்னியோவின் இபான் மக்களைப் பற்றிப் படித்துவிட்டு உற்சாகமாக இருக்கிறார். ஒரு குடும்பத்தின் சரித்திரம் வழியாகவே ஒரு பழங்குடி சமூகம் நவீனமான வரலாற்றைச் சொல்லிவிட முடிகிறதாம். கன்னிவாடிக்குப் பின்னால் எழுந்து நிற்கும் கீழ்ப்பழனி மலையின் பளியர்களுக்கும் அப்படி ஒன்றைச் செய்துவிடலாமாம். ஆடலூர், பன்றிமலைப் பக்கம் ஒரு குடும்பத்தைப் பிடித்தால் போதும், மிச்சத்தைக் கற்பனை பார்த்துக்கொள்ளும் என்கிறார். இதை ஒரு தனிமனிதரின் ஆசையாக விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் எழுதாதவர் என்று யாரும் கிடையாது. இதே ஆசையை வேறு வேறு மலைகளின் பெயரால் வைத்திருக்கிறவர்கள் நம்மிடையே குறைந்தது ஐந்தாறு பேராவது உண்டு. ஆகவே பொதுவில் பேசவேண்டியிருக்கிறது.

முதலில் இபான் விஷயம். சரவாக்கின் ஆற்றங்கரைகளில் நீண்ட வீடுகளில் வாழ்கிறவர்கள் இபான்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பம். அந்த அறைக்கும் குடும்பத்துக்கும் பிலேக் என்று ஒரே பெயர். 1949 முதல் 1951 வரை அவர்களோடு இருந்து ஆராய்ந்த டெரிக் ஃப்ரீமன் காட்டியபடி, பிலேக் என்பது தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் நீளும் ஒரு ஸ்தாபனம். பிள்ளைகளில் ஒருவராவது, ஆணோ பெண்ணோ, அந்த அறையிலேயே தங்கிவிடுவார். அதற்கென்று ஒரு புனித விதைநெல் உண்டு, அதுவும் வாரிசாகக் கைமாறும். இதற்கெல்லாம் மேலே அவர்களிடம் துசுத் என்ற வம்சவரிசை இருக்கிறது. பதினைந்து இருபது தலைமுறைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். யார் எந்த ஆற்றைத் தாண்டி வந்தார், எந்தக் காட்டை முதலில் வெட்டினார் என்பதெல்லாம் அந்த வரிசைக்குள் அடக்கம். நிலத் தகராறுகளைத் தீர்க்க அதைப் பயன்படுத்தினார்கள். பெனடிக்ட் சாண்டின், தானே ஓர் இபான், பின்னால் சரவாக் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர், வெள்ளை ராஜாக்களுக்கு முந்திய தம் மக்களின் வரலாற்றை 1967-ல் எழுதியது பெருமளவுக்கு இந்த வம்சவரிசைகளை வைத்துத்தான்.

அதாவது, குடும்ப சரித்திரம் என்பது இபான்களுக்கு வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சி உத்தி அல்ல. அது அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த ஆயுதம். அந்தக் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு, ஏனென்றால் அது அவர்களே செய்த கண்ணாடி.

இதை நம் நண்பர் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கன்னிவாடியில் வம்சாவளிக்குப் பஞ்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திண்டுக்கல் சீமையின் பாளையங்களில் பெரியவற்றுள் ஒன்று இது. காலின் மெக்கன்சி தன் ஆட்களை அனுப்பிச் சேகரித்த பாளையப்பட்டு வம்சாவளிகளில் இந்தச் சீமைப் பாளையங்களும் இடம்பெற்றிருக்கின்றன. கம்பளத்தார் வடக்கேயிருந்து ஓடிவந்தது, ஆறு குறுக்கிட்டது, கரையில் நின்ற புங்கமரம் வளைந்து வழிவிட்டது என்று தொடங்கும் கதை நம்மில் பலருக்குப் பாட்டி சொல்லித் தெரியும். பிறகு நாயக்க மன்னரின் தயவு, ஒரு யுத்தம், ஒரு பட்டப்பெயர், பாளையம். இந்த வம்சாவளிகள் எழுதப்பட்ட காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும். 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்கு வருகிறது. யார் எந்த நிலத்துக்குச் சொந்தம், யார் எவ்வளவு கிஸ்தி கட்டவேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட ஆரம்பிக்கிறது. அடங்காத பாளையங்கள் பறிபோகின்றன; விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்படுகிறார். அந்தச் சூழலில்தான் ஓலைகளும் கைபீதுகளும் மும்முரமாகப் புறப்படுகின்றன. என் மூதாதை இன்னார், அவருக்கு இன்னார் இந்தப் பூமியைக் கொடுத்தார், ஆகவே இது என்னுடையது. வம்சாவளியின் இலக்கண அமைப்பே அந்த 'ஆகவே'யில்தான் இருக்கிறது. அது நினைவின் வடிவம் என்று நாம் மயங்குகிறோம். அது பாத்தியதையின் வடிவம். சர்க்காரிடம் நீட்டுவதற்காகச் செய்யப்பட்ட காகிதம்.

பின்னால் அதுவே கிரயப்பத்திரமாக, பட்டாவாக, பாகப்பிரிவினைப் பத்திரமாக, வில்லங்கச் சான்றாக மெலிந்து நம் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் வந்துசேர்ந்தது. நாவலில் வரும் மூன்று தலைமுறையும் அந்தப் பெட்டியிலிருந்து எழுந்து வருகிறவர்கள்தான். பெட்டி இல்லாதவனுக்கு மூன்று தலைமுறை எங்கிருந்து வரும்?

பளியர் விஷயத்துக்கு வருகிறேன். 1906-ல் வெளியான மதுரை மாவட்ட கெஜட்டியரில் பிரான்சிஸ் அவர்களுக்குச் சில வரிகளை ஒதுக்குகிறார். பின்தங்கியவர்கள், காட்டுக்குள் சிறு கூட்டங்களாகச் சிதறிக் கிடப்பவர்கள், ஒருவித ராகத்தோடு தமிழ் பேசுபவர்கள் என்கிற தோரணையில். 1908-ல் தாமென் என்ற பாதிரியார் ஒரு மானிடவியல் சஞ்சிகையில் பழனி மலைப் பளியரைப் பற்றி எழுதினார். ஆனால் அவர்களைப் பற்றி உருப்படியாக யோசித்தவர் என்று நான் கருதுவது பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கரை. 1960களின் தொடக்கத்தில் பளியர்களோடு வாழ்ந்தார், 1966-ல் எழுதிய கட்டுரை தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்களைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்பதல்ல. ஆனால் அவர் கண்ட இரண்டு விஷயங்கள் நம் நாவலாசிரியரின் திட்டத்தை அடியோடு கவிழ்த்துவிடுகின்றன.

ஒன்று, பளியர்களின் உறவுமுறையின் தன்மை. யாருக்கும் யார் மீதும் அதிகாரம் இல்லை. புருஷனுக்குப் பெண்டாட்டி மீதும் இல்லை, ஓரளவு வளர்ந்துவிட்ட பிள்ளை மீது அப்பனுக்கும் இல்லை. மனஸ்தாபம் வந்தால் சண்டை போடுவதில்லை, ஒருவர் விலகிப் போய்விடுவார். கல்யாணம் பந்தலும் முகூர்த்தமும் இல்லாமல் நடந்துவிடும். பிரிந்துபோய் வேறொருவரோடு சேர்ந்து வாழ்வதும் அதே சுருவில் நடக்கும். சொத்து என்று கைமாற ஒன்றும் இல்லாதபோது வாரிசு என்ற சொல்லுக்குக் கனம் இல்லை. குழிதோண்டும் கம்பு தேய்ந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். வள்ளிக்கிழங்கு இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். இங்கே வம்சத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டிய அவசியம் எதிலிருந்து பிறக்கும்?

ஞாபகம் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் திரிக்கவேண்டாம். காட்டைப் பற்றிய அவர்கள் ஞாபகத்தின் முன்னால் நாம் அனைவரும் தற்குறிகள். அந்த ஞாபகம் மேலிருந்து கீழே இறங்கும் வரிசையாக இல்லை என்பதுதான் விஷயம். பாறையில் தேனெடுக்கத் தொங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிப்பான் என்று நம் மேற்கு மலைகளில் பல குடிகளிடமும் கேட்கலாம். கூடப் பிறந்தவன் பிடிக்கமாட்டான். தங்கச்சி தாலியறுக்கச் சம்மதிக்காதவன் பிடிப்பான் என்று விளக்கமும் சொல்வார்கள். உயிரை ஒப்படைக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் தேடுவது தாத்தனை அல்ல, பக்கத்தில் நிற்கிற மாமன் மச்சானை. இந்த உறவு பக்கவாட்டில் படர்கிறது. நம்முடைய குலவிருட்சமோ நெட்டுக்குத்தாக நிற்கிறது. படருகிற ஒன்றைப் பிடித்து நிறுத்திவைத்து, ஏன் கிளை இல்லை, ஏன் வேர் இல்லை என்று கேட்பது என்ன நியாயம்?

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நவீனமாதல் என்றால் காட்டிலிருந்து ஊருக்கு, கிழங்கிலிருந்து கூலிக்கு, கூலியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரே திசையில் ஏறும் படிக்கட்டு என்பது நம் மனசில் ஊறிப்போன சித்திரம். மூன்று தலைமுறை என்ற அச்சே அந்தப் படிக்கட்டின் மூன்று படிகள்தான். கார்ட்னர் கண்டது வேறு. பளியர்கள் வெகு காலமாகவே சமவெளியை அறிந்தவர்கள். காபித் தோட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் கூலி வேலை செய்வார்கள், ஊர்க்காரர்களின் பழக்கவழக்கத்தில் புழங்குவார்கள், நெருக்கடி வந்தால், அவமானம் வந்தால், காட்டுக்குத் திரும்பிப்போய்க் கிழங்கு தோண்டுவார்கள், மறுபடியும் வருவார்கள். அவர் இதை இரண்டு பண்பாட்டிலும் புழங்கத் தெரிந்த ஒரு திறமை என்றார். தாத்தா தோட்டத்தில் மஸ்தூர், அப்பா காட்டில், மகன் தோட்டத்தில், மகள் காட்டோரத்தில் என்று போகிற ஒரு வாழ்க்கையை எந்தப் படிக்கட்டில் நிறுத்துவது? நம் நாவலாசிரியர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போனவர்களை வெட்டிவிட்டு, ஏறினவர்களை மட்டும் வரிசைப்படுத்துவார். அதைக் கலைத் தேர்வு என்பார்.

இதில் என் வீட்டுச் சாட்சியம் ஒன்று உண்டு. எங்கள் தாத்தாவுக்குக் கன்னிவாடிப் பக்கம் கொஞ்சம் பூமியும் ஒரு சின்ன மளிகைக் கடையும் இருந்தன. அவருடைய பேரேடு ஒன்று கரையான் தின்றது போக மிச்சம் இருக்கிறது. சம்சாரிகளுக்கு ஆளுக்கொரு பக்கம். பேர், தகப்பன் பேர், ஊர், பாக்கி. வண்டிக்காரர், நாவிதர், வண்ணார் எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள். பின்பகுதியில் ஒரு தலைப்பு: பளியன் வகை. அதன் கீழே தேன் இத்தனை படி, கல்பாசி இத்தனை சேர், சீயக்காய், கடுக்காய், ஈச்சமாறு. பதிலுக்கு உப்பு, புகையிலை, பழைய வேட்டி. வருஷக்கணக்காக இந்த வரவு ஓடுகிறது. ஒரு பெயர் கிடையாது. வந்தவர் ஒருவரா, பத்துப் பேரா, தகப்பனும் மகனுமா, யாருக்கும் தெரியாது. எங்கள் தாத்தா கெட்டவர் அல்ல, கணக்கில் நாணயமானவர். ஆனால் கடன் கொடுக்கக்கூடியவனுக்குத்தான் பெயர் எழுதவேண்டும். நிலம் உள்ளவனுக்குத்தான் கடன் கொடுக்கலாம். நிலம் இல்லாதவன் ஒரு 'வகை'. எங்கள் குடும்ப சரித்திரத்தை நான் எழுத உட்கார்ந்தால் தாத்தாவைப் பற்றி முப்பது பக்கம் எழுதலாம், அந்தப் பேரேட்டை மட்டும் வைத்துக்கொண்டே. அதே பேரேட்டிலிருந்து பளியருக்கு ஒரு வரி எழுதமுடியாது. ஒரே காகிதம் ஒருவருக்குச் சரித்திரமாகவும் இன்னொருவருக்குச் சரக்குப் பட்டியலாகவும் இருக்கிறது.

இது வெறும் இலக்கியப் பிரச்னையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். வம்சாவளி கேட்பது நாவலாசிரியர் மட்டும் அல்ல. சர்க்காரும் கேட்கிறது. நாவலாசிரியராவது இல்லாததைக் கற்பனை செய்துகொள்வார். சர்க்கார் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடும்.

இந்தக் கேள்வி முதலில் வந்தது 1882-ன் மதராஸ் வனச் சட்டத்தோடு. ஒரு காட்டை ஒதுக்குக் காடாக அறிவிக்கப் போகிறோம், பாத்தியதை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்லுங்கள் என்று விளம்பரம் செய்வார்கள். கெடு முடிந்தால் உரிமையும் முடிந்தது. எழுத்து அறியாதவன், ஓரிடத்தில் குடியில்லாதவன், உரிமை என்றால் விண்ணப்பம் போட்டு வாங்குவது என்று நினைத்தே பார்க்காதவன், அந்தக் கெடுவுக்குள் எந்தக் கச்சேரிக்கு வந்து என்ன சொல்லியிருப்பான்? 1948-ன் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது ஜமீன் காடுகள் சர்க்காருக்குப் போயின. ஜமீன்தார்களுக்கு இழப்பீடு கிடைத்தது. கணக்கில் இருந்தவர்களோடு கணக்குத் தீர்க்கப்பட்டது. அவ்வளவுதான்.

பிறகு 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணையில் பழங்குடிப் பட்டியல் வருகிறது. இன்று தமிழ்நாட்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்று மூன்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஏறி இறங்கி வந்ததில் பளியருக்கு மூன்று பெயர் ஆகிவிட்டது, மூன்றும் அவர்கள் பெயர் இல்லை. வேறு சில காகிதங்களில் பழியர் என்றும் காணலாம். அப்பாவின் காகிதத்தில் ஓர் எழுத்து, மகளின் பள்ளிக்கூடச் சான்றில் வேறோர் எழுத்து என்றாகிவிட்டால் இரண்டு பேரும் ஒரே ஜாதியா என்ற சந்தேகம் மேஜைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்துவிடும். 1989-லிருந்து பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க என்றார்கள். போலிகள் இருந்தது உண்மை. ஆனால் ஒரு படி மேலே போன அதிகாரம், மலையிலிருந்து பார்க்கிறவனுக்கு இன்னொரு பஸ் தூரம், இன்னொரு நாள் கூலி.

1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலிகளைப் பிடிக்க ஒரு விசாரணை முறையை வகுத்தது. மனுதாரரின் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பதோடு, அந்தப் பழங்குடியின் தெய்வம் எது, சடங்கு என்ன, கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வார்கள், பிணத்தை எப்படி அடக்குவார்கள் என்றெல்லாம் பார்க்கவேண்டும். இதற்கு ஒட்டுறவுச் சோதனை என்று பெயர் வந்துவிட்டது. இதன் விபரீதத்தை யோசித்துப் பாருங்கள். விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண், பளிச்சியம்மனுக்கு என்ன வைத்துக் கும்பிடுவார்கள் என்று ஒரு அதிகாரியின் மேஜை முன்னால் ஒப்பிக்கவேண்டும். தெரியவில்லை என்றால் அவள் பளியச்சி அல்ல. தெரிந்திருந்தால், அதிகாரி கையில் வைத்திருக்கும் குறிப்போடு ஒத்துப்போகவேண்டும். அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பிரான்சிஸ், தர்ஸ்டன் வகையறாவின் நூறு வருஷத்து எழுத்திலிருந்து. படி என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்ததும் அதே சர்க்கார்தான்.

2011-ல் ஆனந்த் வழக்கிலும், பிறகு 2023-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்விலும் உச்ச நீதிமன்றமே இதை உணர்ந்தது. இடம்பெயர்வும் நவீனமாதலும் பிற சமூகங்களோடு ஏற்பட்ட கலப்பும் பழைய அடையாளங்களை மாற்றிவிடும், ஆகவே இந்தச் சோதனையை முடிந்த முடிவாகக் கொள்ளக்கூடாது என்று சொன்னது. நல்ல விஷயம். நம் நாவலாசிரியர்களைவிட நீதிபதிகளுக்கு நவீனமாதல் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே தெரிந்திருக்கிறது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதே தீர்ப்புகள் எதற்கு அதிக மதிப்புத் தருகின்றன? அரசியல் சட்டத்துக்கு முந்திய காலத்துக் காகிதங்களுக்கு. தாத்தாவின் பள்ளிக்கூடப் பதிவு, ரெவின்யூ பதிவு. மறுபடியும் டிரங்குப் பெட்டி. எங்கள் தாத்தாவின் பேரேட்டைக் கொண்டுபோய் நீட்டினால் கோட்டாட்சியர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். பளியன் வகை, தேன் எட்டுப் படி. இதில் மனுதாரரின் பாட்டனார் யார்?

2006-ன் வன உரிமைச் சட்டம் வந்தபோது பலரும் சந்தோஷப்பட்டோம். பழங்குடியாக இருந்தால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் இருந்தால் போதும். பழங்குடி அல்லாதவர் என்றால் மூன்று தலைமுறை காட்டவேண்டும். ஒரு தலைமுறை இருபத்தைந்து வருஷம், ஆக எழுபத்தைந்து வருஷம் என்று சட்டமே கணக்குச் சொல்கிறது. இலக்கியத்தின் மூன்று தலைமுறை சட்டப் புத்தகத்துக்குள் எப்படி நுழைந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. பளியருக்கு அந்த மூன்று தலைமுறை தேவையில்லை, வாஸ்தவம். ஆனால் தான் பளியர் என்று காட்டச் சான்றிதழ் வேண்டும். அதற்கு என்ன வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டில் இன்னொரு கூத்து. 2008-ல் வந்த ஓர் இடைக்கால நீதிமன்ற ஆணை, தன் அனுமதியில்லாமல் இச்சட்டத்தின் கீழ் உரிமைப் பத்திரம் எதுவும் வழங்கக்கூடாது என்றது. அது விலகியது 2016-ல். எட்டு வருஷம். அதற்கிடையில் 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் அறிவிக்கப்பட்டாயிற்று. காட்டெருமைக்கு வம்சாவளி யாரும் கேட்கவில்லை.

வம்சாவளி இருந்துவிட்டால் மட்டும் என்ன என்று கேட்கலாம். கேட்கவேண்டும். மறுபடியும் இபான்களைப் பாருங்கள். 1985-ல் முடிந்த பத்தாங் ஆய் அணை அவர்களின் நீண்ட வீடுகள் பலவற்றைத் தண்ணீருக்குள் அனுப்பியது. மரம் வெட்டும் கம்பெனிகளும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களும் வந்தபோது அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1958 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் எந்தக் காட்டை வெட்டிப் பயிரிட்டீர்கள் என்று கேட்டது சரவாக்கின் நிலச் சட்டம். வெட்டாமல், வேட்டைக்கும் மரத்துக்கும் என்று தங்கள் வழமைப்படி ஒதுக்கிவைத்திருந்த காடு? 2016-ல் மலேசியாவின் உச்ச நிலை நீதிமன்றம், அந்த வழமைக்குச் சட்ட வலு கிடையாது என்று சொல்லிவிட்டது. இருபது தலைமுறையை ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் அங்கே கைவிரிக்கவேண்டியதாயிற்று. அழித்த காடு உரிமை ஆகிறது, காத்த காடு ஆவதில்லை. இந்த நியாயம் போர்னியோவுக்கும் பழனி மலைக்கும் ஒன்றுதான். குடும்ப சரித்திரத்தை நவீனமாதலின் கண்ணாடி என்று கொண்டாடுகிறவர்கள், அந்தக் கண்ணாடியில் இந்தத் தீர்ப்பு தெரிகிறதா என்று சொல்லட்டும்.

எழுதப்பட்டவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன் 1963-ல் வந்தது. நீலகிரிப் படகர்களைப் பற்றிய நாவல், தலைமுறைக் கதை, குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு வருஷக் கணக்கில் காலம் நகரும். அதன் நடையில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய. ஆனால் அச்சைப் பொறுத்தவரை அவர் தவறவில்லை. படகர்கள் ஹட்டியும் நிலமும் எருமையும் உள்ள விவசாயிகள். மண் கைமாறுவது, தேயிலை வருவது, மகன் தகப்பனை மறுப்பது எல்லாம் அவர்கள் வாழ்க்கையிலேயே தலைமுறைக் கணக்கில் நடந்தவை. 2004-ல் வந்த ச. பாலமுருகனின் சோளகர் தொட்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். முதல் பாதியில் தொட்டியின் வாழ்க்கை நமக்குப் பழகிய தலைமுறைக் கதை போலத்தான் புறப்படுகிறது. இரண்டாம் பாதியில் வீரப்பனைத் தேடும் அதிரடிப்படை வருகிறது. அதற்குப் பிறகு அங்கே குடும்பம் இல்லை, வரிசை இல்லை. உடம்புகளும் அவற்றுக்கு இழைக்கப்படும் சித்திரவதையும் மட்டும்தான். நாவலின் வடிவம் பாதியில் முறிந்துவிட்டது என்று குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும். அந்த முறிவுதான் அந்தப் புத்தகத்தின் யோக்கியதை. நவீன அரசு அந்த மலைக்கு வந்தது பள்ளிக்கூடமாக அல்ல, வொர்க் ஷாப் என்று பெயர் வைத்த வதைக்கூடமாக என்கிறபோது, அதைத் தாத்தா அப்பா மகன் என்று எப்படி மெழுகமுடியும்?

இவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் குறிஞ்சித்தேனிடமிருந்து அச்சையும் சோளகர் தொட்டியிடமிருந்து கண்ணீரையும் எடுத்துக்கொண்டார்கள். யாரிடமிருந்தும் சிந்தனையை எடுத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் பளியர்களைப் பற்றி எழுதவே கூடாதா என்று முற்போக்கு அன்பர்கள் கேட்பார்கள். பளியர் ஒருவர் எழுதும்வரை காத்திருக்கவேண்டுமா என்று இன்னும் முற்போக்கான அன்பர்கள் கேட்பார்கள். முதல் கேள்விக்கு என் பதில், எழுதலாம், ஆனால் அவர்களுக்கு ஒரு பாட்டனாரைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தில் பெயர் தெரியாது என்று நிறுத்துங்கள். திரும்பிப் போனவனோடு திரும்பிப் போங்கள். ஒரு பெண் இரண்டு பேரோடு வாழ்ந்து மூன்றாமவரின் கொட்டாயில் செத்தாள் என்றால் அதை ஒரு சோகமாக உப்பவைக்காமல் சொல்லப் பழகுங்கள். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அது பளியர்களிடம் கேட்கவேண்டியது. படித்துவரும் பளியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் ஒருவேளை சினிமாப் பாட்டு எழுதுவார்கள், நமக்கென்ன?

இப்போதைக்குச் செய்யக்கூடிய எழுத்து வேலை ஒன்று உண்டு. வன உரிமைச் சட்டத்தின் விதிகள் 2008 ஜனவரி முதல் தேதி வெளியாயின. அவற்றில் 13-ஆம் விதி என்னென்ன சாட்சியங்களாக ஏற்கப்படும் என்று அடுக்குகிறது. பழைய பதிவுகளில் பெயர் உள்ளவரோடு தொடர்பு காட்டும் வம்சாவளி, அதில் ஒன்று. அதே பட்டியலில், மனுதாரர் அல்லாத மூத்தவர்களின் வாக்குமூலம், எழுத்தில் பதியப்பட்டது, என்றும் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கமுடியாது, ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் வேண்டும் என்றும் அந்த விதியே சொல்கிறது. ஆனாலும் காகிதம் இல்லாதவர்களுக்குச் சட்டம் திறந்துவைத்த கதவு அது. இப்போது அந்த வாக்குமூலங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பாருங்கள். ஒரு கிழவர் அரை நாள் பேசுகிறார். எந்தச் சரிவில் எந்தக் கிழங்கு, எந்தப் பாறையில் எந்த மாதம் தேன், எந்த மழையில் எந்த ஓடையைத் தாண்டமுடியாமல் எத்தனை நாள் எங்கே தங்கினார்கள், யார் யாருக்குக் கயிறு பிடித்தார்கள். எழுதிக்கொள்கிறவருக்கு அவசரம். தாளில் விழுவது, மனுதாரரை எனக்குச் சிறுவயது முதல் தெரியும், அவர் மேற்படி இடத்தில் வசித்துவருகிறார் என்ற இரண்டு வரி, கீழே ஒரு கைரேகை.

அந்த அரை நாளை முழுசாக, அவர் சொன்ன வரிசையிலேயே, நம்முடைய உவமை ஒன்றுகூடக் கலக்காமல் எழுதித்தர நம்மில் யாருக்காவது பொறுமை இருக்கிறதா? பத்துப் பக்கம் வரும். எழுதியவர் பெயர் அதில் இருக்காது. கிராம சபையின் வன உரிமைக் குழு அதைக் கோப்பில் சேர்த்துக்கொள்ளும், பக்க எண் போடும். புத்தகக் கண்காட்சிக்கு வராது.